மூடியைக் கழற்றினால்தான் ஃப்ரைட் ரைஸ்

மின் பிரஷர் குக்கரில் ஃப்ரைட் ரைஸ் வருமா என்று கேட்டால், வரும் என்றுதான் சொல்வேன். மூடியைப் போட்டுக்கொண்டு வராது, அவ்வளவுதான். அரிசி, காய், சோயா சாஸ், மிளகுத்தூள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, பட்டனை அழுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால், திரும்பி வரும்போது இருப்பது சோயா சாஸ் போட்ட காய்கறி சாதம். பசிக்கு அதுவும் நன்றாகவே இருக்கும். அலுத்துக் களைத்து வருகிற நாளில் நானும் அதைச் சாப்பிடுவேன். ஆனால் தெருமுனை பாஸ்ட் ஃபுட் கடையில் தட்டில் விழும்போது பருக்கை பருக்கையாகச் சிதறுமே, அந்தச் சாதம் வேண்டுமென்றால் வழி வேறு.

இதில் நான் மெனக்கெட்டது மகளுக்காக. அவளுக்குப் பெங்களூரில் வேலை. தங்கியிருக்கும் ஒற்றை அறை வீட்டில் கேஸ் அடுப்பு வைக்கக்கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. சமையல் மேடை என்று இருப்பது ஒரு முழ நீளப் பலகை. அதில் மின் பிரஷர் குக்கர் ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறாள். சாதம், பருப்பு, சாம்பார், முட்டை அவிப்பது எல்லாம் அதில்தான். வாரக் கடைசி ஆனால் ஃப்ரைட் ரைஸ் ஆசை வந்துவிடும். "ஆர்டர் பண்ணா கட்டுப்படியாகலம்மா, இதுலயே பண்ண வழி சொல்லு" என்றாள். திருச்சியில் என்னிடமும் அதே அளவில் 6 லிட்டர் குக்கர் ஒன்று இருக்கிறது. என் அம்மாவுக்குக் காது மந்தமாகி, விசில் எண்ணுவது முடியாமல் போன பிறகு வாங்கியது. அதனால் கேஸ் அடுப்பைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டு, அவளிடம் என்ன இருக்கிறதோ அதை மட்டும் வைத்துச் செய்து பார்த்தேன். "அடுப்பு சும்மா கெடக்கு, இதுல போய் எதுக்குடி வறுக்குற?" என்று அம்மா கேட்டபடியே இருந்தார். நியாயமான கேள்விதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் சூட்டுக் கணக்கு. தண்ணீர் இருக்கும் இடத்தில் சூடு ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரி. அழுத்தம் கூடினால் சூடும் கொஞ்சம் கூடும். நம் வெயிட் போட்ட குக்கர் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும். மின் குக்கர்கள் பெரும்பாலும் 10 முதல் 12 பிஎஸ்ஐக்குள் நின்றுவிடும். உள்ளே 115 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் சாதத்தின் மேல் அந்த லேசான பொன்னிறமும், கருகுவதற்கு ஒரு படி முன்னால் வரும் வாசனையும் வேண்டுமென்றால் 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதுவும் ஈரமில்லாத பரப்பில். மூடிக்குள் அது நடக்க வழியே இல்லை. எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகுமே தவிர வறுபடாது.

அதே குக்கரில் 'சாட்டே' என்று இன்னொரு பட்டன் இருக்கிறது. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வதக்குவதற்கு. அதில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலைகள். 2010இல் கனடாவிலிருந்து வந்து இந்த வகைக் குக்கருக்கே ஊரறிந்த பெயர் வாங்கிக் கொடுத்த இன்ஸ்டன்ட் பாட்டில், அதிக நிலையில் வைத்தால் அடித்தட்டின் சூடு 175 டிகிரியைத் தாண்டும். மற்ற கம்பெனிக் குக்கர்களும் ஏறத்தாழ அப்படித்தான். ஆக, வறுக்கத் தேவையான சூடு இதில் இருக்கிறது. அதைக் கெடுப்பது ஈரம். ஃப்ரைட் ரைஸ் வேலை முழுவதுமே, ஆரம்பம் முதல் கடைசி வரை, ஈரத்தை எங்கெங்கே விரட்டுவது என்பதுதான்.

அந்த வேலை அரிசி அளக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறிய கணக்கு. விசில் குக்கரில் அது சரிப்படும். ஒவ்வொரு விசிலுக்கும் நீராவி புஸ்ஸென்று வெளியே போகிறது, மேடையெல்லாம் கஞ்சித் தண்ணீர் தெறிக்கிறது. அதையும் சேர்த்துத்தான் நாம் ஊற்றுகிறோம். மின் குக்கர் விசிலே அடிக்காது. அழுத்தம் ஏறியதும் தானே சூட்டைக் குறைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். ஊற்றிய தண்ணீரில் துளி போனால் அதிகம். மிச்சமெல்லாம் அரிசிக்குள் போயாக வேண்டும். அதனால்தான் பழைய கணக்கில் வைத்தால் பொங்கல் மாதிரி வருகிறது. மகளுக்கு நடந்தது அதுதான்.

பாஸ்மதிக்கு மொத்தத்தில் ஒன்றுக்கு ஒன்று போதும். 'மொத்தத்தில்' என்பதைக் கவனியுங்கள். ஒரு கப் பாஸ்மதியை 20 நிமிடம் ஊறவைத்தால், ஊறும்போதே ஏறத்தாழ கால் கப் தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் ஊறிய அரிசியை வடிகட்டியில் போட்டுச் சொட்டச் சொட்ட வடியவிட்ட பிறகு, முக்கால் கப் தண்ணீர்தான் சேர்க்க வேண்டும். பார்க்க ரொம்பக் குறைவாகத் தெரியும். அரிசி தண்ணீரில் மூழ்கியும் மூழ்காமலும் கிடக்கும். பயந்துபோய் இன்னொரு கை ஊற்றிவிடாதீர்கள்.

கப் விஷயத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் கப் பெரும்பாலும் சுமார் 240 மில்லி. குக்கருடன் இலவசமாக வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி. அரிசியை ஒன்றிலும் தண்ணீரை இன்னொன்றிலும் அளந்தால் கணக்கு தப்பிவிடும். எந்தக் கப்பாக இருந்தாலும் சரி, எவர்சில்வர் டம்ளராகவே இருந்தாலும் சரி, இரண்டுக்கும் அதே ஒன்றைப் பயன்படுத்த வேண்டும்.

அரிசி என்று பார்த்தால், ஒரு வருடமாவது பழசான பாஸ்மதிதான் இதற்கு லகுவானது. உதிரியாக நிற்கும், தண்ணீர் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பொறுத்துக்கொள்ளும். சீரக சம்பாவில் செய்தால் வாசனை பிரமாதமாக இருக்கும்; ஆனால் பூண்டு, சோயா சாஸ் வாசனைக்கு அடியில் அது காணாமல் போய்விடுகிறது. அந்த அரிசியின் விலைக்குப் பிரியாணியே செய்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். புழுங்கலரிசிப் பொன்னி, பலர் நினைப்பதைவிட இதற்கு நன்றாகவே ஒத்துழைக்கும். புழுக்கிக் காயவைத்த அரிசி என்பதால் பருக்கை உடையாது, சீக்கிரம் ஒட்டாது. ஆனால் தண்ணீரும் நேரமும் கூடுதலாகக் கேட்கும். பச்சரிசிப் பொன்னி வேண்டாம்.

அடுத்து, அரிசியை நேராகக் குக்கரின் உள்பாத்திரத்தில் போடாமல், நம் பழைய அடுக்குப் பாத்திர முறையில் வைப்பது. உள்பாத்திரத்தில் ஒன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் குக்கருடன் வரும் கால் வைத்த கம்பித் தட்டை வைத்து, அதற்குமேல் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் அரிசி, தண்ணீர், அரை ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். அதிக அழுத்தத்தில் 5 நிமிடம். முடிந்ததும் 10 நிமிடம் தானாக அடங்க விட்டு, மீதி இருக்கும் நீராவியை வால்வைத் திருப்பி வெளியேற்றிவிடலாம்.

இப்படிச் செய்வதில் லாபம் இரண்டு. ஒன்று, அடிப்பிடிக்காது, 'பர்ன்' என்று எழுத்து மின்னி பாதியில் நின்றுபோகாது. இன்னொன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. சாதம் வெந்த பிறகு உள்பாத்திரத்தில் இருப்பது வெறும் வெந்நீர். கொட்டிவிட்டுத் துடைத்தால் வறுப்பதற்குச் சுத்தமான பாத்திரம் தயார். நேராக அதிலேயே சாதம் வடித்திருந்தால் அடியில் மெல்லிசாக ஒரு மாவுப் படலம் பிடித்திருக்கும். அது கண்ணுக்கே தெரியாது. அதன்மேல் எண்ணெய் ஊற்றினால் போடுகிற முட்டையும் சாதமும் அந்த இடத்திலேயே ஒட்டும். ஒரே பாத்திரம் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை: மூடியின் உள்ளே இருக்கும் சிலிகான் கேஸ்கெட் வாசனையை விடாமல் பிடித்துக்கொள்ளும். நேற்று சாம்பார் வைத்த கேஸ்கெட்டோடு இன்று பாஸ்மதி வைத்தால், சாதத்தில் பெருங்காயம் மணக்கும். இரண்டாவது கேஸ்கெட் ஒன்று தனியாக வாங்கி, சாதத்துக்கும் பாயசத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரையில் 5 நிமிடம் என்றுதான் காட்டும். ஆனால் அழுத்தம் ஏற 8, 10 நிமிடம், அடங்க 10 நிமிடம் என்று மொத்தத்தில் அரை மணி நேரம் ஓடிவிடும். கேஸ் குக்கரைவிட இது வேகமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் வசதி. வெந்ததும் தானாக 'கீப் வார்ம்' நிலைக்குப் போகும். அதை உடனே அணைத்துவிடுங்கள். சூட்டிலேயே கிடந்தால் மேல் சாதம் குழையும், அடிச் சாதம் வறளும்.

சாதம் வெளியே வந்ததும் செய்ய வேண்டிய வேலை, புளியோதரை கிளறத் தெரிந்த எந்த வீட்டிலும் தெரிந்ததுதான். பெரிய தாம்பாளத்தில் கொட்டிப் பரப்புவது. கரண்டியால் அள்ளிப் போடாமல், கிண்ணத்தைக் கவிழ்த்து, முள்கரண்டியாலோ கரண்டிக் காம்பாலோ மெதுவாகக் கலைத்துவிட வேண்டும். சூடான பாஸ்மதி தொட்டாலே ஒடியும். முதல் 2 நிமிடம் தட்டிலிருந்து ஆவி எழும்புவதைப் பாருங்கள், போவதெல்லாம் தண்ணீர். மின்விசிறிக்குக் கீழே வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். சாதத்தின் மேல்பரப்பு பளபளப்பு போய் மங்கலாகும். விரலால் ஒரு பருக்கையை எடுத்தால் விரலில் ஒட்டாமல் வர வேண்டும். அதுதான் பதம். அம்மா இதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம கலந்த சாதம் பக்குவம்தானே, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். உண்மைதான். எலுமிச்சை சாதத்துக்கு ஆறவைக்கத் தெரிந்த கை, ஃப்ரைட் ரைஸில் பாதி வேலையை ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டது.

ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது. குளிரில் சாதத்தில் உள்ள ஸ்டார்ச் திரும்பவும் இறுகுகிறது; அதனால்தான் பழைய சாதம் விறைப்பாக இருக்கிறது. அந்த விறைப்புதான் வறுக்கும்போது பருக்கையை உடையாமல் காக்கும். நான் காலையில் சாதம் வைத்து ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன்; வறுப்பது ராத்திரி. முதல் ஒரு மணி நேரம் பாத்திரத்தை மூடாமல் வைத்தால் மேலும் கொஞ்சம் உலரும். அவசரமென்றால் தாம்பாளத்தில் அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றே போதும். ஃப்ரிட்ஜ் இருந்தே தீர வேண்டும் என்றில்லை.

ஆனால் ஒன்றைச் செய்யக்கூடாது. ராத்திரி வடித்த சாதத்தை விடிய விடிய மேடையில் வைத்துவிட்டு மறுநாள் ஃப்ரைட் ரைஸ் போடுவது. பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது. அதன் வித்துகள் சாதம் வேகும் கொதிநிலையில் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவைக்கும் அந்த நச்சு, மறுபடி எவ்வளவு சூடாக வறுத்தாலும் அழியாது. 1970களில் பிரிட்டனில் சீன உணவகங்களில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து வாந்தியெடுத்தபோதுதான் இது பெரிதாகக் கவனத்துக்கு வந்தது. வடித்த சாதத்தை வெளியிலேயே குவித்து வைத்திருந்ததுதான் காரணம். ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும், மறுநாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். "பழைய சோறு ராத்திரி முழுக்க வெளியிலதான கெடக்கு?" என்று கேட்பீர்கள். அது தண்ணீரில் கிடந்து புளிக்கிறது, புளிப்பு ஏறுகிறது. உலர்ந்த சாதம் அப்படி இல்லை. இதே காரணத்தால்தான் குழந்தைகளின் டிபன் பாக்ஸுக்கு ஃப்ரிட்ஜ் சாதத்தில் ஃப்ரைட் ரைஸ் கட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. காலை 7 மணிக்குக் கட்டியது மதியம் வரை வெதுவெதுப்பாகவே கிடக்கும். சுடச்சுடச் சாப்பிட வேண்டிய பண்டம் இது.

இனி வறுப்பது. இங்கேதான் இந்தப் பாத்திரத்தின் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

குக்கரின் உள்பாத்திரம் சுமார் 22 சென்டிமீட்டர் அகலம். சுவர் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரம். சூடு வருவது அடியிலிருந்து மட்டும். கடாயில் சுவரெல்லாம் சுடும், இதில் சுடாது. உயரமான சுவர் என்பதால் எழும்பும் ஆவி சட்டென்று வெளியேறாமல் உள்ளேயே சுற்றும். அதனால் ஒரு தடவைக்கு இரண்டு பேர் சாப்பிடும் சாதம்தான் போட வேண்டும். ஒரு கப் அரிசி வடித்தது மூன்று கப் அளவு சாதம் ஆகும், அதுதான் எல்லை. தெருமுனைக் கடை மாஸ்டரைக் கவனித்திருக்கிறீர்களா? பம்ப் அடுப்பில் நீல ஜுவாலை கடாய்க்கு மேலே வந்து நக்கும். அவ்வளவு நெருப்பு இருந்தும் அவர் ஒரு தட்டு, இரண்டு தட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் போடுவதில்லை. 1000 வாட் வைத்துக்கொண்டு நாம் நாலு பேருக்குச் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும்?

பாத்திரத்தை வைக்கும் முன் அதன் வெளிப்புற அடியை நன்றாகத் துடைத்துவிடுங்கள். கீழே இருக்கும் சூட்டுத் தகட்டில் ஈரம் படக்கூடாது. சாட்டேயை அதிக நிலைக்கு வைத்து, திரையில் 'ஹாட்' என்று வந்த பிறகும் ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய். பல குக்கர்களின் உள்பாத்திரம் நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கும், அதனால் எண்ணெய் ஓரத்துக்கு ஓடி வட்டமாகத் தேங்கி நிற்கும், நடு காய்ந்து கிடக்கும். முட்டையை நடுவில் உடைத்து ஊற்றினால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பாத்திரத்தைச் சாய்த்து எண்ணெயை நடுவுக்கு வரவழைத்துவிட்டு உடனே அடித்த முட்டையை ஊற்ற வேண்டும். ஓரம் பொங்கி வந்ததும் கலைத்து, முக்கால் பதத்தில் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். உங்கள் உள்பாத்திரம் நான்ஸ்டிக்காக இருந்தால் ஒட்டும் கவலை இல்லை. ஆனால் மரக்கரண்டிதான் போட வேண்டும், வெறும் பாத்திரத்தை அதிக நேரம் காயவிடவும் கூடாது.

மறுபடி ஒரு ஸ்பூன் எண்ணெய். பொடியாக நறுக்கிய பூண்டு ஐந்தாறு பல், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி. பூண்டு நிறம் மாறுவதற்குள் பீன்ஸும் கேரட்டும். இவை நெல்மணி அளவுக்குப் பொடியாக இருக்க வேண்டும். பெரிதாக நறுக்கினால் வேக நேரமாகும், நேரமானால் தண்ணீர் விடும். கோஸும் குடமிளகாயும் கடைசி ஒரு நிமிடம்தான். கோஸ் ஈரத்தின் மூட்டை. உப்புப் பட்டால் அந்த மூட்டை அவிழ்ந்துவிடும். அதனால் காயில் உப்புப் போடுவதே இல்லை. அடியில் ஈரம் தெரிந்தால் சாதம் போட வேண்டாம்; காயைப் பரப்பிவிட்டு அது வற்றும் வரை பொறுக்க வேண்டும். மகளுக்கு நேரமில்லாத நாளில் காயை முந்தைய நாளே நறுக்கி, டிஷ்யூ காகிதம் விரித்த டப்பாவில் வைத்துவிடுகிறாள். நல்ல யோசனை. உறைந்த பட்டாணியும் சோளமும் போடுகிறவர்கள், அவற்றை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்து ஈரத்தை ஒற்றியெடுத்துவிட வேண்டும்.

சாதத்தைப் போட்டதும் எல்லோருடைய கையும் கிளறத்தான் போகும். கட்டியை மட்டும் உடைத்து, அடி முழுவதும் படும்படி பரப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். காதைக் கொடுத்துக் கேட்டால் போதும். முதலில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஈரம் சுண்டும் சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் அது தேய்ந்து, பட், பட் என்று தனித்தனியாகப் பருக்கை வெடிக்கும் சத்தம் கேட்கும். அப்போது அடியிலிருந்து புரட்டிப் போட வேண்டும். மறுபடி பரப்பி, மறுபடி பொறுமை. இரண்டு மூன்று தடவை இப்படிப் புரட்டினால் ஓரங்களில் பொன்னிறம் தெரியும், பருக்கைகள் கரண்டியிலிருந்து துள்ளி விழும். ஓயாமல் கிளறிக்கொண்டே இருந்தால் இந்தச் சத்தம் வரவே வராது. அம்மாவுக்குச் சத்தம் கேட்பதில்லை என்பதால் அவர் ஆவியைப் பார்த்துச் சொல்கிறார்: "பொகை அடங்கிருச்சு, பெரட்டு." அவர் கணக்கும் தப்புவதில்லை.

வதக்கும்போது நடுநடுவே குக்கர் தானாகச் சூட்டை நிறுத்தி நிறுத்திப் போடும். அது பழுதில்லை, அளவுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. குளிர்ந்த சாதம் விழுந்ததும் சூடு இறங்கும், மறுபடி ஏற ஒன்றிரண்டு நிமிடம் ஆகும்.

சோயா சாஸ் விஷயத்தில் கடாய் முறை இங்கே செல்லாது. கடாயில் சூடான சுவரோரமாகச் சுற்றி ஊற்றுவார்கள். ஊற்றியதும் சுருசுருவென்று காய்ந்து மணம் வரும். குக்கரின் சுவர் சுடாததால் சாஸ் வழிந்து சாதத்துக்குள் இறங்கி ஈரமாக்கிவிடும். சாதத்தை ஓரமாக ஒதுக்கி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இடம் செய்து, அங்கே ஒரு மேசைக்கரண்டி சாஸை ஊற்ற வேண்டும். நுரைத்துப் பொங்கியதும், கருகுவதற்குள், சாதத்தை இழுத்துக் கலந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஊற்றாதீர்கள். நிறம் போதவில்லை என்று தோன்றும். நிறத்துக்காக ஊற்றினால் உப்பும் ஈரமும்தான் கூடும். பிறகு எடுத்து வைத்த முட்டை, ஒரு ஸ்பூன் மிளகுத்தூள், ருசி பார்த்து உப்பு. வெள்ளை மிளகு இருந்தால் கடை மணம் வரும். குக்கரை அணைத்த பிறகு அரை ஸ்பூன் வினிகரும் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும்.

அஜினோமோட்டோ போடலாமா என்று மகள் கேட்டாள். போடலாம், போடாமலும் இருக்கலாம். 1908இல் ஜப்பானில் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த உப்பு அது. தக்காளியிலும் இயல்பாக இருக்கும் குளூட்டமேட்தான். கடைச் சாதத்தின் அந்த நாக்கில் நிற்கும் ருசிக்குப் பெரும்பங்கு அதற்குண்டு. நான் ஒரு சிட்டிகை போடுவேன். அம்மாவுக்குத் தெரியாமல்.

வறுத்து முடிந்ததும் பாத்திரம் சூடாக இருக்கும்போதே ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிச் சுரண்டிவிட்டால் அடி சுத்தமாகிவிடும். ஆறிய பிறகு கழுவினால் படாத பாடு. எவர்சில்வர் அடியில் வானவில் மாதிரி நிறம் படிந்தால் கொஞ்சம் வினிகர் தடவித் தேய்த்தால் போகும். மின்சாரத்தைப் பொறுத்தவரை, 1000 வாட் குக்கரை வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டாதீர்கள். பெரும்பாலான இன்வெர்ட்டர் தாங்காது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த குக்கராக இருந்தால் அடியில் ஒட்டியிருக்கும் விவரத்தைப் பாருங்கள். 120 வோல்ட் என்று போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகியதும் அதன் ஆயுள் முடிந்துவிடும்.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் கேஸ் அடுப்பும் கனமான இரும்புக் கடாயும் இருந்தால், வறுப்பதை அதில்தான் செய்ய வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குக்கரில் வறுத்ததும் நல்ல ஃப்ரைட் ரைஸ்தான். ஆனால் கடாயில் வரும் அந்தப் புகை வாசம் இதில் கால்வாசிதான் வரும். சாதம் வடிப்பதில் மட்டும் மின் குக்கர் கடாயையும் கேஸ் குக்கரையும் அடித்துவிடுகிறது. ஒரே அரிசி, ஒரே அளவு என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரே பதம். அதனால் திருச்சியில் நாலைந்து பேருக்குச் செய்யும்போது சாதத்தைக் காலையில் குக்கரில் வைத்து ஆறவிட்டு, ராத்திரி இரண்டு ஈடாகக் கடாயில் வறுக்கிறேன். பெங்களூரில், கேஸ் இல்லாத அறையில், ஒருத்திக்கோ கூட ஒரு தோழிக்கோ செய்வதென்றால் குக்கர் ஒன்றே போதும். மூன்றாவது ஆள் வருகிறாள் என்றால் இரண்டாவது ஈடு போட வேண்டும். முதல் ஈடு சாப்பிடுகிறவர்கள் காத்திருக்காமல் ஆரம்பித்துவிடட்டும்.